புறம்போக்கு

முதல் நாள் பிரேக்கை மிதித்தேன்.
சரளைமேல் மலர்வளையங்கள்.
ஒன்றல்ல, பதினோரு வளையம்
சாலையோரம் வரிசையாக,
யாரோ இப்போதுதான் வைத்துவிட்டுப் போனதுபோல.
பேருந்து ஏதும் கவிழ்ந்ததோ,
எத்தனை பேரோ என்று
கிரேடரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.
இருபக்கமும் கோதுமை.
காற்றுக்கு அதை விட்டால் வேறு வேலை இல்லை.

கிட்டப் போனால் வேர் இருந்தது.
நடுவில் சாம்பல் பச்சை இலை,
விளிம்பில் மட்டும் வட்டமாய்ப் பூ,
வெண்ணெய் நிறத்தில் தொடங்கிச்
சிவப்பில் கிழிபடும் இதழ்.
யாரும் கட்டவில்லை. யாரும் சாகவில்லை.
ரேடியோவில் டாரில்:
"மஞ்சள் குச்சிக்கும் மஞ்சள் குச்சிக்கும் நடுவே
அலகைத் தூக்கிக்கோ, கோம்ஸ்.
அபராதம் ஷயருக்கு வரும்."
கோமளா அவன் நாக்கில் நிற்காது.

மொராவாவிலிருந்து வடக்கே இந்தச் சாலை
நாற்பத்தொரு கிலோமீட்டர்.
வேலிக்கும் வேலிக்கும் இடையே இருபது மீட்டர்.
அதில் வண்டிக்கு எட்டு.
மிச்சம்தான் காடு.
இரண்டு டிராக்டருக்கு நடுவே சங்கிலி கட்டி
மற்றதையெல்லாம் சாய்த்துவிட்டார்கள்;
இழுக்க மறந்த ஓரம் இது.
என் மொழியில் இதற்குப் பெயர் புறம்போக்கு.
ஆளைத் திட்டவும் அதே சொல்தான்.
பள்ளியில் என்னை அப்படிக் கூப்பிட்ட கணக்கு வாத்தியாரை
இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்,
செப்டம்பரில்.

இரண்டு வருடம் சொன்னபடி தூக்கினேன்.
குச்சிகளுக்கு நடுவே பூ குறைந்தது.
மூன்றாம் வருடம் வெறும் புல்.
குச்சிகள் மட்டும் பத்திரமாக இருந்தன.
பூவெல்லாம் வெளியே,
நான் வழித்து ஒதுக்கிய மண்வரப்பில்,
டயர்த் தடத்தின் உதட்டில்.

கணக்கெடுக்க வந்த பிரியோனி
மண்டியிட்டபடி, வாயில் பேனா மூடியோடு சொன்னாள்:
"இதுக்குக் கொஞ்சம் காயம் வேணும்.
எப்போ, எவ்வளவுங்கிறதுதான் யாருக்கும் தெரியல."
அவள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இந்தச் செப்டம்பர் ஓர் உத்தரவு வந்தது:
வளைவில் மூன்று மீட்டர் அகலப்படுத்தவும்.
க்ரெய்க் புது விதைப்பு எந்திரம் வாங்கியிருக்கிறான்,
சிறகை மடித்தாலும் சாலைக்குள் அடங்காது.
கெட்டவன் இல்லை. போன ஈஸ்டருக்கு
அரை ஆட்டை ஐஸ்பெட்டியில் வைத்துக் கொடுத்தவன்.
அவன் வளைவில் நூற்றுச் சொச்சம் வளையம்,
எல்லாம் குச்சிக்கு வெளியே,
எந்த வரைபடத்திலும் இல்லாதவை.

கொடிக்குத் தேரை விட்டுவிட்டு
நடந்து வீடு போக நான் மன்னனா?
சாவி ஷயருடையது. எந்திரம் பதினெட்டு டன்.
தெர்மாஸில் இருந்த டீயைத் தீர்த்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
ஈரம். அலகு இறக்க இயலவில்லை.
மூன்று வாரமாக மழை இல்லை.
டாரில் அதைப் படித்தான்,
ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான்,
கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான்,
கையெழுத்துப் போட்டான்.
"நாளைக்கும் ஈரமாத்தான் இருக்குமா?"
"நவம்பர் வரைக்கும்" என்றேன்.

டிசம்பரில் வளைவு அகலமானது. தப்ப வழியில்லை.
மேல்மண்ணை மட்டும் தனியே வழித்து
விதை இருந்தால் இருக்கட்டுமென்று
வேலியோரம் பரப்பினேன்.

பிப்ரவரி. நாற்பத்துமூன்று டிகிரி.
ஈகூடப் பறக்கவில்லை.
மஞ்சள் குச்சிகளை நானே பிடுங்கி வைத்தேன்.
அலகை இறக்கினேன்,
இரண்டு விரற்கடை, அதற்குமேல் இல்லை.
காய்ந்த புல் பாய்போலச் சுருண்டு வந்தது.
முன்னூறு அடி.
குச்சிகளைத் திரும்ப அதே குழிகளில் நட்டேன்.
நான் செய்ததற்குச் சட்டத்தில் என்ன பெயரென்று
யாரிடமும் கேட்கவில்லை.

மே மாத மழைக்குப் பிறகு தெரியும்;
தெரியாமலும் போகலாம்.
வடக்கேயிருந்து ஒரு ரோடு ரயில் வந்தது,
ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கிவிட்டுப் போனான்.
அவன் கிளப்பிய செம்புழுதி
இறங்கி முடிக்க நேரம் பிடித்தது,
கீறிய இடத்திலும்
கீறாத இடத்திலும்.